வீட்டை இழுத்துச் செல்லும் வாகனம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில், சாலைப் பாதுகாப்பு அங்கத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கேரவன் என்ற சொல்லைக் கேட்டதும், "நம் ஊரில் யார் ஐயா அதை இழுத்துக் கொண்டு போகிறார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் கோலாலம்பூரிலிருந்து ஐந்தரை மணி நேரம் பறந்தால் பெர்த் நகரம் வந்து விடுகிறது. நம்மவர்கள் பலர் அங்கே குடியேறி விட்டார்கள். பணி ஓய்வு பெற்றதும் லேண்ட்குரூசர் போன்ற நான்கு சக்கர இயக்க வாகனம் ஒன்றையும் ஒரு கேரவனையும் வாங்கிக் கொண்டு கண்டத்தைச் சுற்றி வருவது ஆஸ்திரேலியர்களின் பெரிய கனவு. அங்கே போன நம் அண்ணன்மார்களுக்கும் அந்தக் கனவு தொற்றிக் கொள்கிறது. விடுமுறையில் அவர்களைப் பார்க்கப் போகும் நாம் என்ன செய்கிறோம்? பின் இருக்கையில் பிள்ளைகளோடு ஏறி உட்கார்ந்து விடுகிறோம். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால், "கொஞ்ச நேரம் நான் ஓட்டுகிறேன் அண்ணே" என்று கேட்டு ஸ்டியரிங்கையும் பிடித்து விடுகிறோம். பின்னால் வருவது இரண்டரை டன் எடையுள்ள வீடு என்பது அந்த நேரத்தில் நினைவில் இருப்பதில்லை.

கேரவன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "எந்தக் கொக்கி நல்லது? ஆட்டத்தைத் தடுக்கும் கருவியில் எது உயர்ந்தது?" என்பதுதான். விற்பனையாளரும் மகிழ்ச்சியோடு விலைப் பட்டியலை நீட்டுவார். என்னைக் கேட்டால், அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பாரம் சரியாக இருந்தால் கருவி துணை செய்யும். பாரம் தவறாக இருந்தால் உலகிலேயே விலை உயர்ந்த கருவியும் உங்களைக் காப்பாற்றாது.

முதலில் அந்த ஆட்டம் என்னவென்று பார்ப்போம். நாய் வாலாட்டுவதைப் போல், கேரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆஸ்திரேலியாவின் வெளிப்புறச் சாலைகளில் ரோட் டிரெயின் எனப்படும் பிரமாண்டமான லோரிகள் ஓடுகின்றன. ஒரே தலைக்குப் பின்னால் மூன்று, நான்கு பெட்டிகள். மொத்த நீளம் 53.5 மீட்டர் வரை இருக்கும். அது எதிரே கடந்து போகும்போது தள்ளும் காற்று கேரவனின் பக்கவாட்டில் அறைகிறது. கேரவன் ஒரு பக்கம் திரும்புகிறது. திரும்பும்போது கொக்கியின் வழியாக வாகனத்தின் பின்புறத்தை மறுபக்கம் தள்ளுகிறது. மெதுவாகப் போனால் இரண்டு ஆட்டத்தில் அது தானாக அடங்கி விடும். வேகம் கூடக் கூட, அடங்குவதற்கு நேரம் பிடிக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அதற்கு மேல் ஓட்டுநரின் திறமைக்கு அங்கே அதிக வேலை இல்லை. வாகனம், கேரவன் இரண்டும் சேர்ந்து கவிழும்.

அந்த ஆபத்தான வேகம் எல்லா கேரவனுக்கும் ஒன்றல்ல. பிரிட்டனில் உள்ள பாத் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள், எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய சோதனை வண்டியை இழுத்து ஓட்டி ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். பாரம் எங்கே இருக்கிறது, கொக்கியின் மீது எவ்வளவு எடை அழுத்துகிறது, அச்சு எந்த இடத்தில் இருக்கிறது ஆகியவைதான் பெரிய மாற்றத்தை உண்டாக்குகின்றன என்று அதில் தெரிந்தது.

இதைப் புரிந்து கொள்ள நாம் பல்கலைக்கழகம் வரை போக வேண்டியதில்லை. மாட்டு வண்டி ஓட்டிய நம் தாத்தாக்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். வண்டி குடை சாயும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து புண்ணாகும். கேரவனும் அப்படித்தான். இங்கே மாட்டின் கழுத்து என்பது டோபால், அதாவது வாகனத்தின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டை. கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த உருண்டையின் மீது அழுத்த வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பொதுவாகப் பின்பற்றும் அளவு. 2,800 கிலோ கேரவன் என்றால் சுமார் 280 கிலோ. இந்த எடை மிகவும் குறைந்தால் வாலாட்டத்திற்கு நாமே அழைப்பு அனுப்புகிறோம் என்று பொருள்.

பாரத்தை முன்னால் சிறிது, பின்னால் சிறிது என்று ஈடு செய்து வைத்தாலும் போதாது. கேரவனின் பின் சுவரில் இரண்டு மாற்று டயர், அதற்கு மேல் பிள்ளைகளின் சைக்கிள், முன்பக்கத்தில் எரிவாயுத் தோம்புகள், கருவிப் பெட்டி என்று அடுக்கினால், டோபால் எடை சரியாகவே காட்டும். ஆனால் ஆட்டம் தொடங்கினால் நிறுத்துவது மிகவும் கடினம். அச்சிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் உள்ள 50 கிலோவைவிட, 4 மீட்டர் தூரத்தில் உள்ள அதே 50 கிலோ, திருப்பி நிறுத்துவதற்குப் பதினாறு மடங்கு அடம் பிடிக்கும். ஆகவே அரிசி மூட்டை, டின் உணவு, பேட்டரி போன்ற கனமான பொருள்கள் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். மேல் அலமாரிக்குத் துணிமணி போதும். தண்ணீர்த் தொட்டிகளையும் மறக்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அச்சுக்கு முன்னால் இருக்கும் தொட்டி காலியானால் டோபால் எடை குறையும். பின்னால் இருப்பது காலியானால் கூடும். காலையில் எடை போட்டுப் பார்த்த கேரவன் மாலையில் வேறு கேரவனாகி விடுகிறது.

அடுத்தது எடைப் பட்டை. கேரவனில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஏ.டி.எம். என்று ஓர் அளவு இருக்கும். நம் மக்களுக்கு ஏ.டி.எம். என்றால் பணம் எடுக்கும் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். இங்கே அது, பொருள்களை ஏற்றிய கேரவனைக் கழற்றித் தனியாக நிறுத்தினால் இருக்கக்கூடிய உச்ச எடை. ஜி.டி.எம். என்பது வாகனத்தோடு மாட்டிய நிலையில் கேரவனின் சக்கரங்கள் தாங்கும் உச்ச எடை. வாகனத்திற்கு ஜி.வி.எம். என்று தனி வரம்பு. இரண்டும் சேர்ந்து ஜி.சி.எம். என்று இன்னொரு வரம்பு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது "3,500 கிலோ இழுக்கும்" என்பது மட்டும்தான். மற்றவை கையேட்டின் உள்ளே சிறிய எழுத்தில் தூங்குகின்றன.

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். ஒரு வாகனத்தின் ஜி.வி.எம். 3,200 கிலோ என்று வைத்துக் கொள்வோம். எரிபொருள் நிரப்பிய நிலையில் அதன் சொந்த எடை 2,600. மிச்சம் 600 கிலோ. டோபால் மீது அழுத்தும் 300 கிலோ வாகனத்தின் கணக்கில்தான் சேரும். பலர் இதை மறந்து விடுகிறார்கள். மிச்சம் 300. முன்னால் கங்காருக்குப் பயந்து பூட்டிய இரும்புத் தடுப்பும் வின்ச்சும் 100 கிலோ. பின்னால் இழுப்பறை, குளிர்பெட்டி 80 கிலோ. இப்போது 120 கிலோ பாக்கி. கணவர் ஏறி உட்கார்ந்தால் மனைவிக்கு இடமில்லை. இதில் பிள்ளைகள் எங்கே, பேரப்பிள்ளைகள் எங்கே, நாம் எங்கே? வரம்பு மீறிய எடையோடு விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடம் உண்டு.

ஆகவே கடைக்குப் போகும் முன் எடை மேடைக்குப் போங்கள். பயணத்திற்குத் தயாரான நிலையில், தண்ணீர் நிரப்பி, ஆட்கள் அமர்ந்து, வாகனத்தின் முன் அச்சு, பின் அச்சு, கேரவன் ஆகியவற்றைத் தனித்தனியாக எடை போட்டுக் கொள்ளுங்கள். டோபால் எடைக்குக் கையடக்கத் தராசு கேரவன் கடைகளிலேயே கிடைக்கிறது.

இனி கொக்கிக்கு வருவோம். 300 கிலோ எடை, பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளித் தொங்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2.8 மீட்டர். சிறுவர்கள் விளையாடும் ஏறி இறங்கும் பலகையை நினைத்துக் கொள்ளுங்கள். பின்னால் அழுத்தும்போது முன்பக்கம் எழும்புகிறது. கணக்குப் பார்த்தால் முன் சக்கரங்களிலிருந்து சுமார் 130 கிலோ காணாமல் போகிறது; பின் அச்சின் மீது 300 அல்ல, சுமார் 430 கிலோ ஏறுகிறது. முன் சக்கரம்தானே வண்டியைத் திருப்புகிறது, பிரேக்கிலும் அதற்குத்தானே பெரும்பங்கு! அது இலேசானால் ஸ்டியரிங் பஞ்சு போல் ஆகிவிடும். இரவில் முகப்பு விளக்கு மரக்கிளையைக் காட்டும்.

இதைச் சரி செய்வதற்காக வந்ததுதான் எடையைப் பகிரும் கொக்கி. ஆஸ்திரேலியாவில் ஹேமன் ரீஸ் என்ற பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும். கொக்கியின் இரு பக்கமும் இரண்டு வில் கம்பிகள். அவற்றை வளைத்துக் கேரவனின் முன் சட்டத்தோடு சங்கிலியால் இறுக்குவார்கள். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்குவது போல், அந்தக் கம்பிகள் வாகனத்தின் பின்பகுதியைத் தூக்கி, எடையில் ஒரு பகுதியை முன் சக்கரத்திற்கும் இன்னொரு பகுதியைக் கேரவன் சக்கரங்களுக்கும் அனுப்புகின்றன.

இதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வாகனம் கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் வரை இறுக்குவது தவறு. கேரவனை மாட்டும் முன், முன் சக்கரத்திற்கு மேலே உள்ள வளைவின் உயரத்தை நாடாவால் அளந்து குறித்துக் கொள்ளுங்கள். மாட்டிய பின் மறுபடியும் அளந்தால் 40 மில்லிமீட்டர் எழும்பியிருக்கலாம். கம்பியை இறுக்கி அதில் பாதியை, அதாவது 20 மில்லிமீட்டரைத் திரும்பக் கொண்டு வந்தால் போதும் என்று சில தயாரிப்பாளர்கள் கூறுகிறார்கள். உங்கள் வாகனக் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். அதிகமாக இறுக்கினால் பின் சக்கரங்கள் இலேசாகி, வளைவில் பின்புறம் வழுக்கத் தொடங்கும். காற்றுச் சஸ்பென்ஷன் உள்ள சில வாகனங்களுக்கு இந்தக் கொக்கி கூடவே கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள்.

இன்னொரு விஷயம். பின் சஸ்பென்ஷனில் காற்றுப் பை பொருத்தினால் போதும், வாகனம் நிமிர்ந்து விடும் என்று பட்டறையில் சொல்வார்கள். நிமிர்வது உண்மைதான். ஆனால் காற்றுப் பை உயரத்தைத்தான் திருப்பிக் கொடுக்கிறது. முன் சக்கரம் இழந்த 130 கிலோவைத் திருப்பிக் கொடுப்பதில்லை. அதிலும் பின்னால் நீண்டிருக்கும் இரட்டைக் கதவுப் பிக்-அப் வாகனங்களில், அளவுக்கு மீறிய பாரமும் காற்றுப் பையும் சேர்ந்து சட்டமே வளைந்து போன சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் உண்டு.

சரி, தார்ச்சாலைக்கு எடைப் பகிர்வுக் கொக்கி நல்லது. காட்டுப் பாதைக்கு? இங்கேதான் நான்கு சக்கர இயக்க வாகனக்காரர்கள் இரண்டு பக்கமும் இழுபடுகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலை சுமார் 660 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்ணும் கல்லும். ஆற்றுத் துறைகளில் வாகனம் மூக்கைத் தூக்கி ஏறும்போது கேரவன் இன்னும் பள்ளத்திலேயே இருக்கும். அந்தக் கோணத்தில் வில் கம்பிகள் தாங்க முடியாத அளவுக்கு வளையும். கொக்கியையோ சட்டத்தையோ முறித்து விடும். ஆகவே அத்தகைய பாதையில் இறங்கும் முன் கம்பிகளைக் கழற்றி விட வேண்டும்.

கம்பியைக் கழற்றினாலும் சாதாரண 50 மில்லிமீட்டர் உருண்டைக் கொக்கிக்கு ஓர் எல்லை உண்டு. கிண்ணம் உருண்டையின் மீது ஓரளவுக்குத்தான் சாய முடியும். அதற்கு மேல் இரும்பும் இரும்பும் முட்டும். எலும்பு மூட்டு பிசகுவது போல் கழன்று போகவும் வாய்ப்பு உண்டு. அதற்காகவே மண் பாதைக் கொக்கிகள் வந்தன. குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த குரூஸ்மாஸ்டர் நிறுவனத்தின் டி.ஓ.35 அவற்றில் ஒன்று. உருண்டைக்குப் பதில் நட்டமாக நிற்கும் முளை. 3,500 கிலோ வரை தாங்கும். கேரவன் முழுவதுமாகக் கவிழ்ந்தாலும் கொக்கி சுழன்று கொடுக்கும், வாகனத்தையும் சேர்த்துப் புரட்டாது. மெக்ஹிட்ச் என்பது லோரியின் இயக்கத் தண்டில் இருக்கும் குறுக்கு மூட்டைப் போன்ற அமைப்பு. டிரெக் கொக்கியில் நடுவே கெட்டியான செயற்கை ரப்பர் போன்ற கட்டை. அது கட கட ஓசையையும் உதைப்பையும் உள்வாங்கும்.

எதை வாங்குவது என்றால், என் கருத்து இதுதான். ஆண்டுக்கு ஒரு முறை கடற்கரைக் கேரவன் பூங்காவுக்குத் தார்ச்சாலையில் போகிறவர்களுக்கு உருண்டைக் கொக்கி போதும். பழுதானால் எந்த ஊரிலும் கிடைக்கும், எல்லா வாகனத்திலும் மாட்டலாம். ஆற்றைக் கடக்கப் போகிறவர்கள் மண் பாதைக் கொக்கிக்குச் செலவு செய்யட்டும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மண் பாதைக் கொக்கி வளைந்து கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. வாலாட்டத்தைத் தடுப்பது அதன் வேலையல்ல. "ஆயிரம் டாலர் கொக்கி போட்டாயிற்று, இனி பயமில்லை" என்று 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களைக் கண்டால் எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

வாலாட்டத்திற்கென்று இருக்கும் கருவிகள் இரண்டு வகை. ஒன்று உராய்வு வகை. வாகனத்துக்கும் கேரவனுக்கும் இடையே பக்கவாட்டில் ஓர் இறுக்கமான தண்டு. கதவு காற்றில் ஆடாமல் இருக்க நாம் அட்டையை மடித்துச் செருகுவதைப் போன்றதுதான். ஐரோப்பாவில் அல்-கோ நிறுவனத்தின் கொக்கி, உருண்டையையே உராய்வுப் பட்டைகளால் கவ்விப் பிடிக்கிறது. அந்த உருண்டையில் கிரீஸ் தடவக்கூடாது. தடவினால் பிடிப்பு போய்விடும். ஐரோப்பியரின் பழக்கத்தைப் பார்த்து அப்படியே எடுத்துக் கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்களுடைய கேரவன்கள் எடை குறைந்தவை, பாரம் அச்சின் அருகிலேயே இருக்கும்படி கட்டப்பட்டவை. ஜெர்மனியில் கேரவனோடு பொதுவான உச்ச வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர். தனி அனுமதி பெற்றால்தான் 100. ஆகவே அங்கே டோபால் எடை குறைவாக இருந்தாலும் சமாளிக்க முடிகிறது. ஆஸ்திரேலியாவின் மூன்று டன் கேரவனுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

இரண்டாவது வகை மின்னணுக் கருவி. அல்-கோ இ.எஸ்.சி., டெக்ஸ்டர் ஆகியவை ஆஸ்திரேலியாவில் அதிகம் காணப்படுகின்றன. கேரவனின் அடியில் பொருத்திய பெட்டி பக்கவாட்டு ஆட்டத்தை உணர்ந்து, கேரவனின் மின்சார பிரேக்கை மட்டும் தானாகவே அழுத்துகிறது. அல்-கோ எல்லாச் சக்கரத்தையும் ஒன்றாகப் பிடிக்கும். டெக்ஸ்டர் இடம் வலம் என்று தனித்தனியாகப் பிடிக்கும். கேரவன் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கப்படும்போது நேராக நிற்கும். கயிற்றை இழுத்தால் நிமிர்வது போல. இவற்றுள் ஒன்றை மட்டும் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் நான் மின்னணுக் கருவியைத்தான் சொல்வேன். பல புதிய வாகனங்களிலும் இழுவை ஆட்டக் கட்டுப்பாடு இருக்கிறது; அது வாகனத்தின் பிரேக்கை இயக்குகிறது. ஆனால் இவை எல்லாம் ஆட்டம் தொடங்கிய பிறகே விழித்துக் கொள்பவை. கேரவனின் பிரேக் தேய்ந்திருந்தால் பெட்டி கட்டளையிட்டும் பயனில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஜி.டி.எம். 750 கிலோவுக்கு மேல் இருந்தால் கேரவனுக்குச் சொந்த பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்க முடிய வேண்டும். கொக்கி அறுந்தால் தானாகவே பிடித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் இருக்க வேண்டும். ஏ.டி.எம். 2,500 கிலோவுக்கு மேல் என்றால் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு. பழைய கேரவன் வாங்கும் நம்மவர்கள் இந்த மூன்றையும் குனிந்து பார்த்து விட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, ஒரு நாள் ஆட்டம் வந்தே விட்டது என்று வைத்துக் கொள்வோம். நலர்போர் சமவெளியில் பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவும் இல்லாத நேர்ச்சாலை. கண் சொருகும் நேரம், பின்னால் ஓர் உதறல். நம் கால் தானாக பிரேக்கின் மீது போகும். வேண்டாம். வாகனம் மட்டும் வேகம் குறைந்தால் பின்னால் இருக்கும் கேரவன் முந்திக் கொள்ளப் பார்க்கும். ஸ்டியரிங்கை ஆட்டத்திற்கு எதிராக வெட்டித் திருப்பவும் வேண்டாம். நம் கை எப்போதும் அரைத் தாளம் பின்தங்கியே இருக்கும், ஆட்டம் கூடும். சக்கரத்தை நேராகப் பிடித்துக் கொண்டு, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். டேஷ்போர்டில் கேரவன் பிரேக்கை மட்டும் இயக்கும் குமிழ் ஒன்று இருக்கும். அதை அழுத்துங்கள். அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்பதை, "நான் ஓட்டுகிறேன் அண்ணே" என்று கேட்கும்போதே கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். ஆள் இல்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு முறை அழுத்திப் பழகிக் கொண்டால், தேவைப்படும் நேரத்தில் கை தேடாது.

ஆட்டம் நின்ற பிறகும் அதே வேகத்திற்குத் திரும்ப வேண்டாம். 80 கிலோமீட்டரில் இருக்கும் உந்துவிசை ஆற்றலைவிட 100 கிலோமீட்டரில் அது ஒன்றரை மடங்குக்கும் அதிகம். முதல் ஓய்விடத்தில் நிறுத்தி, டயர் காற்று, தண்ணீர்த் தொட்டி, பின் சுவரில் தொங்கும் சைக்கிள் எல்லாவற்றையும் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே தொங்கிக் கொண்டிருக்கும். சைக்கிளை இறக்கி கேரவனுக்குள்ளே, அச்சுக்கு நேர் மேலே படுக்க வைத்துக் கட்டி விட்டு, அதன் பிறகு புறப்படுங்கள்.